தேக்கம்பட்டிப் பாட்டியும் புறக்கோட்டை அக்காவும்



சென்ற மாதம் ஒரு படிவம் நிரப்பும் வேலையாகப் புறக்கோட்டைக்குப் போயிருந்தேன். நடைபாதையில் வியாபாரம் செய்யும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். அதில் சேர விரும்பும் ஒருவரின் விபரங்களை எழுத வேண்டியிருந்தது. அவர் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருப்பவர். பூர்வீகம் மலையகம். காலை நாலரைக்கெல்லாம் எழும்பி, பேலியகொடைக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு வந்து, புறக்கோட்டையில் ஒரு மூலையில் சாக்கை விரித்து உட்காருவார். கறிவேப்பிலை, ரம்பை, சேரை, தேசிக்காய், பச்சைமிளகாய். முன்னர் மனிங் சந்தை பக்கத்திலேயே இருந்ததால் நடந்துபோய் எடுத்துவிடுவாராம். 2020 நவம்பரில் சந்தை பேலியகொடைக்கு மாறிய பிறகு முச்சக்கர வண்டிக் கூலியும் சேர்ந்துகொண்டது.

பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கேள்வி, தொழில்.

“தொழிலா? ஒண்ணும் இல்ல மிஸ். வீட்டிலதான்.”

இதைச் சொன்னபோது அவருடைய இரண்டு கைகளும் கறிவேப்பிலையைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கட்டும் ஐந்து தேசிக்காயும் விற்று, மீதிக் காசும் கொடுத்துவிட்டார். “அக்கா, எத்தனை வருஷமா இந்த இடத்தில இருக்கிறீங்க?” என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடம். “அப்ப நீங்க வியாபாரிதானே?” என்றேன். சிரித்துவிட்டார். “வியாபாரிங்கிறது அந்தா, அவங்க” என்று எதிரே இருந்த கடைகளைக் காட்டினார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். புறக்கோட்டையின் பெயர்ப் பலகைகளை நீங்களும் ஒரு தடவை நின்று வாசித்துப் பாருங்கள். நாட்டாமிமார் வண்டில் தள்ளிக்கொண்டு வரும்போது நிற்க இடம் கிடைத்தால்! ‘அன்ட் சன்ஸ்’ இருக்கும், ‘பிரதர்ஸ்’ இருக்கும். தந்தையும் மகன்மாரும், அண்ணனும் தம்பியும். ‘மகள்மார்’ என்று ஒரு பலகையை நான் இன்னும் காணவில்லை. பெண்ணின் பெயர் இருக்கும் கடைகளும் உண்டு, ஆனால் விசாரித்தால் அது அம்மாவின் பெயராகவோ செல்ல மகளின் பெயராகவோ இருக்கும். உரிமையாளர் வேறு யாரோ. உள்ளே போய்ப் பார்த்தால் சாம்பிராணி காட்டுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், பொட்டலம் கட்டுகிறவர், துணி அளக்கிறவர் என்று பெண்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் ‘உதவிக்கு’ நிற்பவர்கள்.

அன்று அந்த அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இந்தியாவில் கோயம்புத்தூர்ப் பக்கம் வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டியின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இந்த மாதம் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் பாப்பம்மாள். இயற்பெயர் ரங்கம்மாள் என்பார்கள். தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் உள்ள தேக்கம்பட்டிதான் அவருடைய ஊர். நீலகிரி மலைக்குப் போகும் சின்ன ரயில் புறப்படும் இடம் மேட்டுப்பாளையம் என்றால் உங்களில் சிலருக்கு விளங்கும். தேக்கம்பட்டியில் வனபத்ரகாளியம்மன் கோயிலும் இருக்கிறது. கோயில் யானைகளுக்கு ஓய்வு கொடுக்கும் முகாம்கூட அந்த ஊரில் நடந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 27ஆம் திகதி அந்த ஊரிலேயே பாப்பம்மாள் காலமானார்.

வயது? இங்கேதான் ஒரு சிக்கல். 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தபோது 105 வயது என்று எழுதினார்கள். காலமானபோது சிலர் 108 என்றார்கள், சிலர் 109 என்றார்கள். பிறந்த வருடம் 1914 என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் 110 ஆகிறது. பத்திரிகைக்காரர்களின் கவனயீனம் என்று நான் இதை எடுத்துக்கொள்ளமாட்டேன். வயோதிபப் பெண்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், “57 வெள்ளம் வந்தப்ப நான் கைக்குழந்தை”, “தனுஷ்கோடிப் புயல் அடிச்ச வருஷம் பெரியவளானேன்” என்று பதில் வரும். நாட்டின் அனர்த்தங்களை வைத்துத்தான் அவர்கள் தங்கள் வயதை அறிவார்கள். ஒரு பெண் பிறந்ததை எழுதி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில் பிறந்தவர்கள். அடுத்து அவள் செய்த தொழிலையும் எழுதுவதில்லை. கடைசியில் ஓய்வூதியம், உதவித்தொகை என்று வரும்போது, ‘நீ யார், உன் வயது என்ன, நீ என்ன செய்தாய்’ என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

பாப்பம்மாள் சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். அவரையும் அவருடைய சகோதரிகளையும் தேக்கம்பட்டியிலிருந்த அப்பம்மாதான் வளர்த்தார். அந்த அப்பம்மா ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு கடை பேத்திக்கு வந்தது. கடையோடு சாப்பாட்டுக் கடை ஒன்றையும் பாப்பம்மாள் தொடங்கினார்.

இந்த இடத்தில் அக்கா என்னை நிறுத்தினார். “கடை அவங்க பேர்லயா இருந்திச்சு?”

நான் சமூகவியல் படித்தவள். விரிவுரை மண்டபத்தில் ‘சொத்துரிமையும் பால்நிலையும்’ என்று எத்தனையோ பக்கம் குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்புகள் எல்லாம் சுற்றிச் சுற்றிக் கேட்ட கேள்வியை அக்கா ஒரே வரியில் கேட்டுவிட்டார். ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கைமாறிய கடை என்று சொன்னேன். அப்பம்மாவிடமிருந்து பேத்திக்கு.

“அப்ப காச என்ன செஞ்சாங்க?”

அடுத்த கேள்வியும் அப்படியே. வியாபாரத்தில் வந்த இலாபத்தைப் பாப்பம்மாள் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய கதையின் மையமே இருக்கிறது. அவர் நிலம் வாங்கினார். சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறக்குறைய 10 ஏக்கர். அதில் சோளம், பருப்பு வகை, காய்கறி, பழம் என்று பயிரிட்டார். சகோதரியின் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். வயது போகப்போக, முழுவதையும் பார்த்துக்கொள்ள முடியாமல் ஒரு பகுதியை விற்றுவிட்டு, இரண்டரை ஏக்கரை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டரை ஏக்கரில் வாழையும் வெண்டிக்காயும் போட்டு, நூறு வயதைத் தாண்டிய பிறகும் விடியற்காலையில் வயலுக்கு இறங்கினார். ஆரோக்கியத்தின் இரகசியம் என்ன என்று கேட்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்களில், தனக்கு ஆட்டிறைச்சி பிரியாணி என்றால் மிகவும் பிடிக்கும் என்பதும் ஒன்று. இலை தழை மட்டும் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தவர் என்று எழுத ஆசைப்பட்டவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். தேக்கம்பட்டியைச் சுற்றியுள்ள காரமடை, மேட்டுப்பாளையம் பகுதிகள் கறிவேப்பிலைக்குப் பெயர்போனவை. ஏக்கர் கணக்கில் தோட்டமாகவே போட்டிருப்பார்கள். “கறிவேப்பிலைக்கா ஏக்கர்?” என்று அவர் கேட்ட விதத்தில், தன் மடியில் இருந்த கட்டைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

பாப்பம்மாளின் விவசாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள் பரம்பரையாகச் செய்ததையே செய்வார்கள், புதியதை ஏற்கமாட்டார்கள் என்று படித்தவர்கள் மத்தியில் ஓர் எண்ணம் உண்டு. பாப்பம்மாள் அதற்கு நேர்மாறு. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்வந்தவர். அங்கே விவசாயிகளின் விவாதக் குழு ஒன்றின் அமைப்பாளராகவும் இருந்திருக்கிறார். விஞ்ஞானிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தன் நிலத்தில் தான் கண்டதையும் அவர்களுக்குச் சொல்வார். பல்கலைக்கழகத்தில் இயற்கை விவசாயத்துக்கென்று தனித் துறை வந்தபோது, அந்த வழிக்கு முன்னின்று மாறியவர்களில் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ கிடைத்ததும் இதற்காகத்தான்.

அந்த வருடத்தைக் கவனித்தீர்களா? 2021. அதே வருடத்தில்தான் நமது நாட்டிலும் இயற்கை விவசாயம் பெரிய பேச்சாக இருந்தது. ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். விவசாயிகளைக் கேட்கவில்லை, மாற்றுப் பசளை தயாராக இருக்கவில்லை. விளைச்சல் விழுந்தது. வருடம் முடிவதற்குள் தடையை வாபஸ் வாங்கவேண்டி வந்தது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியும் சேர, 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த மாதங்களில் அக்கா கட்டைச் சின்னதாக்கினாராம். “கட்டச் சின்னதாக்கினா ஏசுறாங்க, வெலயக் கூட்டினா வாங்குறாங்க இல்ல.” தேக்கம்பட்டியில் ஒரு பாட்டி பல்கலைக்கழகத்தோடு பேசிப் பேசி, பார்த்துப் பார்த்துச் செய்த மாற்றத்தை, இங்கே வர்த்தமானிப் பத்திரிகையில் ஒரே நாளில் செய்யப் பார்த்தார்கள். மண்ணில் வேலை செய்பவரைக் கேட்காமல் மண்ணைப் பற்றி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சந்தைக்குப் போன எல்லாப் பெண்களும் தங்கள் பணப்பையில் உணர்ந்தார்கள்.

வியாபாரி, விவசாயி என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார். நமது பிரதேச சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திராவிட முன்னேற்றக் கழகத்தின் பழைய தொண்டர். இந்தி எதிர்ப்பு உட்படக் கட்சி நடத்திய போராட்டங்களில் கலந்துகொண்டவர். 2024இல் கட்சி தன் பவள விழாவைக் கொண்டாடியபோது பெரியார் விருதை அவருக்கு வழங்கியது. அது நடந்து சில நாட்களில்தான் அவர் மறைந்தார். கட்சி எதிரெதிராக இருந்தாலும், 2023 மார்ச்சில் டில்லியில் நடந்த சிறுதானிய மாநாட்டில் இந்தியப் பிரதமர் மேடையில் அவரைக் கௌரவித்து, அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படத்தை என் கைத்தொலைபேசியில் அக்காவுக்குக் காட்டினேன். அவர் பிரதமரை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பாட்டியின் சேலையைப் பார்த்து, “நம்ம ஆச்சி மாதிரியே இருக்காங்க” என்றார்.

சகோதரிகளே, இந்தக் கதையை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்தில் 86 வயது வரை வாழ்ந்தவர். அவருக்குச் சீதனமாக வந்த ஒரு வெங்காயத் தறை இருந்தது. அம்மப்பா கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். தறையைக் கொத்துவிப்பது, இறைப்பது, கூலி கொடுப்பது, வெங்காயத்தைக் கட்டித் தூக்கிக் காயவிடுவது, லொறிக்காரரோடு விலை பேசுவது எல்லாம் அம்மம்மாதான். அந்த வெங்காயம் வந்து இறங்கியது இதே புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில். ஆடு வளர்த்தார், முட்டை விற்றார், ஊர்ப் பெண்களுக்குச் சீட்டுப் பிடித்தார். கணக்கெல்லாம் தலைக்குள். ஒரு சதம் பிழைக்காது.

அவர் காலமானபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் படித்த பிள்ளை நான்தானே. அப்போது பட்டம் பெற்று ஒரு வருடம். நான் எழுதினேன்: காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேத்தியாரும். ஒரு பத்தி முழுக்க உறவுமுறை. சில மாதங்கள் கழித்து ஒரு பெரியப்பா காலமானார். அவர் சில வருடங்கள் கடை நடத்தி நட்டப்பட்டு மூடியவர். அவருக்கும் நானே எழுதினேன். யாரும் சொல்லாமலே என் பேனா ‘பிரபல வர்த்தகர்’ என்று தொடங்கியது. இரண்டு துண்டுகளையும் அம்மா ஒரே கொப்பிக்குள் வைத்திருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஐம்பது வருடம் கமம் செய்த பெண்ணுக்கு ‘கமக்காரி’ என்ற ஒரு சொல்லைப் போட எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தறை அம்மம்மாவின் பெயரில்தான் இருந்தது. அப்படியிருந்தும் முழுக்க அவருடையதாக இருக்கவில்லை. சின்னம்மாவுக்கு அவசரமாக ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தபோது, ஒரு துண்டை விற்கலாம் என்று அம்மம்மா நொத்தாரிசிடம் போனார். கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மப்பா கொழும்பிலிருந்து வந்து கையெழுத்து வைக்கும் வரைக்கும் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த நொத்தாரிசு மீது பிழையில்லை. தேசவழமையோடு சேர்ந்து நிற்கும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மணமான பெண் தன் சொந்தக் காணியை, அது சீதனமாக இருந்தாலும் தன் உழைப்பில் வாங்கியதாக இருந்தாலும், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கணவன் காணாமற் போயிருந்தால், விட்டுவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் போய் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறலாம். யுத்தத்துக்குப் பிறகு வடக்கில் எத்தனை பெண்களுக்கு அந்தப் படிகளை ஏறவேண்டி வந்தது என்பதை அங்கே வேலை செய்யும் சக ஊழியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணிடம் அவனுடைய கையெழுத்தைக் கேட்பது என்ன கொடுமை!

கிழக்கில் வேறு கதை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு வளவு மகளுக்கு என்பதே வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். 2004இல் சுனாமி அந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. நிவாரணமாகப் புது வீடு கட்டிக் கொடுத்தபோது, ‘குடும்பத் தலைவர்’ யார் என்று படிவத்தில் கேட்டார்கள். கணவனின் பெயரை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, படிவத்தின் ஒரே ஒரு கட்டத்தினால் பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறிவிட்டது. கடல் கொண்டுபோனது சுவரையும் கூரையையும்தான். அரச காணி அனுமதிப்பத்திரங்களிலும் இப்படித்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு நியமிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகன் என்ற வரிசை இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். 87 வருடம்!

இதையெல்லாம் கேட்டு, பெண்களுக்கு எந்தக் காலத்திலும் சொந்தப் பணமே இருந்ததில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. புறக்கோட்டைக்குப் பக்கத்தில் செட்டியார் தெரு இருக்கிறதே, பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் உள்ள தெரு, அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்குத் தாய்வீடு கொடுத்த பணம் கணவன் வீட்டுப் பணத்தோடு கரைந்துவிடாது. ஆச்சியின் கணக்கு என்று தனியாக எழுதி, வட்டிக்கு விட்டுப் பெருக்குவார்கள். கடல் கடந்து தொழில் செய்த ஆண்களின் முதலில் ஊரிலிருந்த ஆச்சிமாரின் பணமும் இருந்தது. பேரேட்டில் இருந்த பெயர் பலகைக்கு மட்டும் வரவில்லை.

பாப்பம்மாள் மறைந்தபோது வந்த செய்திகளை நான் ஒன்று ஒன்றாக வாசித்தேன். ‘இயற்கை விவசாயி’, ‘மூத்த விவசாயி’, ‘பத்மஸ்ரீ’ என்றுதான் தலைப்பு. யாரோ ஒருவரின் மனைவி என்று யாரும் தொடங்கவில்லை. அதற்கு அவருடைய நீண்ட ஆயுளும் விருதும் காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விருது தேடி வரும் முன்னரே அவர் தன் பெயரில் கடை நடத்தினார், தன் பெயரில் நிலம் வைத்திருந்தார், தன் பெயரில் வாக்குக் கேட்டார். அவரைக் கூப்பிட ஊருக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

அக்காவிடம் வருவோம். அவர் மலையகத்தவர், தேசவழமைச் சட்டம் அவருக்கு இல்லை. பொதுச் சட்டப்படி மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கலாம், விற்கலாம், யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அப்படியானால் இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் அவர் பெயரில் என்ன இருக்கிறது? கேட்டேன். வங்கிப் புத்தகம் கணவரின் பெயரில். வீட்டு வாடகை ஒப்பந்தம் கணவரின் பெயரில். சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய முச்சக்கர வண்டி மகனின் பெயரில். அக்காவின் பெயரில் இருப்பது ஒரு அடகுத் துண்டு மட்டும். அதுவும் நகையை அடகு வைக்கப் போனபோது அடையாள அட்டையோடு போனவர் அவர் என்பதால்.

“அவரு நல்ல மனுசன் மிஸ்” என்றார் உடனே. நான் ஒன்றும் சொல்லவில்லையே! ஆனால் இந்த வேலையில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒரு பெண்ணிடம் ‘உங்கள் பெயரில் என்ன இருக்கிறது’ என்று கேட்டால், கணவரைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த மனிதரும் நல்லவர்தான், எனக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர். அவருக்கு ஏதும் ஆகிவிட்டால், வங்கிப் புத்தகத்தில் இருக்கும் அக்காவின் காசை எடுக்க அக்கா எத்தனை அலுவலகம் ஏறி இறங்கவேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அவரிடமும் சொன்னேன், வெற்றிலை மென்றுகொண்டு கேட்டவர், “அது சரிதான்” என்றார்.

வியாபாரப் பெயர்ப் பதிவு என்று ஒன்று இருப்பதையும் விளக்கினேன். நடைபாதையில் இருப்பவருக்கு அது உடனே கிடைத்துவிடாது. இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும், பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். அக்காவுக்கு வீட்டிலேயே கறித்தூள் இடித்துப் பொதி செய்து விற்கும் எண்ணம் நெடுநாளாக இருக்கிறது. அதை வீட்டு முகவரியில் பதியலாம். வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும், அது வேறு பாடு. முதலில் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. அது அரை நாள் வேலை. அந்த அரை நாள் வியாபாரத்தை யார் பார்ப்பது என்பதுதான் அக்காவின் கவலை. பக்கத்தில் தோடம்பழம் விற்கும் தங்கச்சி, “நான் பாக்கிறேன், நீங்க போங்க அக்கா” என்றாள்.

படிவம் இன்னும் என் மடியில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நானாக எழுதிவிடலாம்தான், ஆனால் அம்மம்மாவின் அறிவித்தலை நானாக எழுதிக் கெடுத்த ஞாபகம் வந்தது. “என்ன எழுதட்டும்?” என்று திரும்பவும் கேட்டேன். அக்கா கறிவேப்பிலைக்குத் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். எதிரே இருந்த பலகைகளை ஒரு தடவை பார்த்தார்.

“வியாபாரம்னு போடுங்க.”

போட்டேன். வங்கிக்கு எப்போது போகலாம் என்று கேட்டதற்கு வியாழக்கிழமை வரச் சொன்னார். “ஆனா பத்து மணிக்கு முந்தி வந்திடுங்க மிஸ். அதுக்குப் பொறகு ஆளுங்க கூடிரும், எனக்கு எழும்ப ஏலாது.”